மீனவன் பக்கம் போகாதே

ஐவி ஸ்கீட்ஸ் பிறந்த தெருவில் எந்தப் பொருளும் தன் சொந்தப் பெயரில் இருந்ததில்லை. சாலைக்குப் பெயர் தவளை. படிக்கட்டுக்கு ஆப்பிள். பாதத்துக்குத் தட்டு, தலைக்கு ரொட்டி, தொலைபேசிக்கு நாய். கிழக்கு லண்டனில், கப்பல்துறை மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்த பாப்லர் சந்தையில், அப்பாவின் பழவண்டிக்கு அடியில், ஆரஞ்சுப் பெட்டிக்குள் படுத்தபடி அவள் கேட்ட முதல் பேச்சு இதுதான். "காலைலேர்ந்து தவளைல நின்னு தட்டு ரெண்டும் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது பீங்கான்" என்று மேலே யாரோ சொல்வார்கள். பீங்கான் என்றால் கூட்டாளி. பெட்டிக்குள் கிடந்த குழந்தைக்கோ, ஒரு பெரிய பச்சைத் தவளையின் முதுகில் சந்தை முழுவதும் நின்றுகொண்டிருப்பதாகத் தோன்றும். தவளை மூச்சு விடும். வண்டிகள் மெல்ல ஏறி இறங்கும். அவள் தூங்கிப்போவாள்.

அந்தப் பேச்சுக்கு ஒரு வழக்கம் உண்டு. சொல்ல வந்ததை நேராகச் சொல்லாமல், அதனோடு ஓசை ஒத்துப்போகும் வேறொரு தொடரைச் சொல்வது. ஆங்கிலத்தில் மகளும் சாந்தும் ஒரே ஓசையில் முடியும். அதனால் சந்தையில் மகளை 'செங்கல்லும் சாந்தும்' என்றார்கள். பிறகு, ஓசை ஒத்துப்போகும் அந்தச் சாந்தையே விழுங்கிவிட்டார்கள். மிஞ்சியது செங்கல். தண்ணீருக்கும் அப்படித்தான். 'மீனவன் மகள்' என்று தொடங்கி, மகளை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, மீனவன் என்று மட்டும் சொல்வார்கள். துப்புக் கொடுக்கும் பாதி வெளியே வராது. உள்ளூர்க்காரனுக்கு அது சொல்லாமலே கேட்கும். மற்றவனுக்கு ஒரு மீனவன்தான் தெரிவான்.

அப்பா சிட் ஸ்கீட்ஸ் அவளை ஐவி என்று கூப்பிட்டதாக யாருக்கும் நினைவில்லை. "செங்கல், அந்தக் கூடைய இப்படித் தள்ளு." "இன்னா செங்கல், படகு வாடிக்கெடக்குது?" படகு என்றால் முகம். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை பெயரைக் கேட்டபோது அவள் முதலில் செங்கல் என்றுதான் சொன்னாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. பாதிப் பேருக்கு வீட்டில் அதே பெயர்தான். இருந்தும் சிரித்தார்கள்.

பதினேழு வயதில் ஐவி தொலைபேசி நிலையத்துக்கு வேலைக்குப் போனாள். பெண்கள் வரிசையாக உயர்ந்த நாற்காலிகளில் அமர்ந்திருப்பார்கள். எதிரே சுவர் அகலத்துக்கு ஒரு பலகை. பலகை நிறையத் துளைகள், துளைக்கு ஒரு குட்டி விளக்கு. ஊரில் எங்கோ ஒருவர் தொலைபேசியை எடுத்தால் இங்கே ஒரு விளக்கு எரியும். கயிற்றின் ஒரு நுனியை அந்தத் துளையில் செருகி, "எந்த எண் வேண்டும்?" என்று கேட்டு, மறு நுனியை அவர் கேட்ட துளையில் செருக வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஐவிக்கு அது அவ்வளவாக மட்டும் தெரியவில்லை. ஒருவருடைய குரலைக் கையில் எடுத்து இன்னொருவர் காதில் வைக்கிறோம் என்று நினைப்பாள். மாலையில் பலகை முழுக்க விளக்குகள் மின்னும்போது, லண்டன் இருட்டில் படுத்துத் தூக்கத்தில் பேசுவது போலிருக்கும். இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று அவள் ஆசைப்பட்டாள்.

அதற்குத் தடையாக இருந்தது அவளுடைய வாய். முதல் நாளே மேற்பார்வையாளர் மிஸ் கார்ஸ்டன் சொல்லிவிட்டார்: "கொச்சைமொழி சமையலறை ஏப்ரன் மாதிரி. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அதை அணிந்துகொண்டு யாரும் வரவேற்பறைக்கு வருவதில்லை." அழைப்பவரிடம் பேசுவதற்கென்று நிலையத்தில் சில வாக்கியங்கள் உண்டு. அவற்றை மட்டுமே, அதே ஏற்ற இறக்கத்தில், எல்லாப் பெண்களும் ஒரே பெண்ணைப் போலப் பேச வேண்டும். ஐவி கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். ஆங்கிலத்தில் ஒன்றுபோல ஒலிக்கும் ஐந்தையும் ஒன்பதையும் காதில் குழம்பாதபடி பிரித்துச் சொல்லப் பழகினாள். கிறிஸ்துமஸ் வரை அவளுக்குத் தேர்வுக்காலம். அதற்குள் ஒரு கொச்சைச் சொல் கம்பியில் போய்விட்டால் நாற்காலி போய்விடும். மிஸ் கார்ஸ்டன் யாருடைய கம்பியில் வேண்டுமானாலும் தன் காதுக்கருவியைச் செருகிக் கேட்பார். அப்போது காதில் ஓசை ஒரு நூல் அளவு மெலியும். அனுபவப்பட்ட பெண்கள் அதை வைத்தே முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள். இதையெல்லாம் ஐவி வீட்டில் அம்மா எடித்திடம் சொல்லியிருந்தாள். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போதுதான் அது நடந்தது.

"உப்பைச் சற்று நகர்த்த முடியுமா, அப்பா?"

சிட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "எடித், ரேடியோவ அணைக்கலயா நீ?"

"ரேடியோ எங்க ஓடுது?"

"அப்ப இந்தப் பொம்பள யாரு? நம்ம செங்கல் எங்க போச்சு?"

ஐவியின் காது சிவந்தது. நிலையத்துக் குரல் அவளுக்கே தெரியாமல் வீட்டுக்கு வந்திருந்தது. அவள் சிரித்துவிட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். "நல்லாப் பேசினா என்ன தப்பு?" என்று கேட்டுவிட்டாள். அதுவும் பாதி நிலையத்துக் குரலில்.

அடுத்த நாளிலிருந்து அப்பா அவளைச் செங்கல் என்று கூப்பிடவில்லை. எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, "தங்களுக்குத் தேநீர் வேண்டுமா, அம்மணி?" என்றார். "தாங்கள் அமர்ந்திருப்பது அடியேனுடைய நாற்காலி, அம்மணி" என்றார். முதல் வாரம் அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இரண்டாம் வாரம் சிரிப்பு வரவில்லை. பிறகு அது வீட்டுப் பழக்கமாகிவிட்டது. சந்தையில் யாராவது விசாரித்தால், "என் பொண்ணா? அவ இப்ப நாய்க்குள்ள குடியிருக்கா" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். அதை எப்படி நிறுத்துவது என்று அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. ஒரே வீட்டுக்குள் அப்பா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை மாதிரியான மொழியில் பேச, மகள் பதில் பேசாமல் இருந்தாள். செங்கல் என்ற சொல்லைக் கேட்டு மாதங்களாகிவிட்டன. காலையில் வேலைக்குப் போகும் வழியில் சில நாள் அவளே அதைத் தனக்குள் சொல்லிப் பார்ப்பாள். தன் பெயரைத் தானே கூப்பிட்டால் யாருக்குத்தான் நன்றாயிருக்கும்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் ஆண்டு டிசம்பரில் அந்தப் பனிப்புகை இறங்கியது. பனிப்புகை லண்டனுக்குப் புதிதில்லை. ஆனால் இது வேறு மாதிரி. மஞ்சளாக, கனமாக, அடுப்புக்கரி நாற்றத்தோடு வந்து ஊரின் மேல் உட்கார்ந்துகொண்டது, எழுந்திருக்கவில்லை. பேருந்துக்கு முன்னால் நடத்துநர் பந்தம் பிடித்துக்கொண்டு நடந்தார், பிறகு பேருந்தே நின்றுபோனது. குனிந்து பார்த்தால் சொந்தப் பாதம் தெரியவில்லை. ஐவி சுவரைத் தடவிக்கொண்டு வேலைக்குப் போனாள். உள்ளேயும் அது வந்திருந்தது. கூடத்தின் அந்தக் கோடியில் இருந்த பெண்கள் தெரியவில்லை, அவர்களுடைய விளக்குகள் மட்டும் கலங்கலாக மிதந்தன. "எந்த எண் வேண்டும்? எந்த எண் வேண்டும்?" என்ற குரல்கள் ஆளில்லாமல் வந்தன. வெளியே போக முடியாத ஊர் முழுவதும் தொலைபேசியை எடுத்துக்கொண்டிருந்தது. இன்று வரமாட்டேன். இங்கேயே இருக்கிறேன். நீ எங்கே இருக்கிறாய்? ஐவிக்கு அன்று தண்ணீருக்கு அடியில் வேலை செய்வது போலிருந்தது.

பிற்பகலில் ஒரு விளக்கு எரிந்தது. துளைக்குக் கீழே எழுதியிருந்ததைப் பார்த்தாள். கப்பல்துறையின் கோடியில், சுழல்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பொதுத் தொலைபேசிக் கூண்டு.

"எந்த எண் வேண்டும்?"

முதலில் இருமல் வந்தது. நெஞ்சின் அடியிலிருந்து கல்லைப் புரட்டுவது போன்ற இருமல். ஐவியின் கை கயிற்றின் மேல் அப்படியே நின்றது. அந்த இருமலோடுதான் அவள் இத்தனை காலமும் காலையில் கண் விழித்திருக்கிறாள்.

"நம்பரெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நீல நங்கூரத்துக்குப் போடு. சிட்டு கூப்புடுறான், யாராவது ஒருத்தன் வந்து கூட்டினு போங்கடான்னு சொல்லு."

நீல நங்கூரம் சந்தைமுனையில் இருந்த மதுக்கடை. அப்பா அன்று கப்பல்துறை வாசலில் கூலியாட்களுக்கு ஆரஞ்சு விற்கப் போயிருக்க வேண்டும். திரும்பும்போது மதிலின் எந்தப் பக்கம் என்று தவறிவிட்டிருக்கிறது. அவருக்கு அவள் குரல் தெரியவில்லை. தெரியவும் முடியாது. அது எல்லாப் பெண்களுக்கும் பொதுவான குரல்.

அவள் மதுக்கடைக்கு மணி அடித்தாள். பிற்பகலில் கடையைப் பூட்டி வைப்பார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"வருந்துகிறேன், ஐயா. மறுமுனையில் பதில் இல்லை."

"வருந்து, நல்லா வருந்து. உனக்கு இன்னா, அடுப்புப் பக்கத்துல உக்காந்துனு வருந்துவ."

"தாங்கள் இருக்கும் இடம் எது என்று தங்களுக்குத் தெரியுமா, ஐயா?"

"தெரிஞ்சா உன்கிட்ட ஏன் நின்னு பேசினு இருக்கேன்? கைய நீட்டினா கையக் காணோம். வண்டிய வெளிய வுட்டுட்டு வந்தேன், அது இருக்குதா போச்சான்னே தெரியல." மறுபடி இருமல்.

"காவல் நிலையத்துக்கு இணைக்கட்டுமா, ஐயா?"

"போலீஸா? காலம்பூரா என்னை நகரு நகருன்னு வெரட்டுனவன், இன்னிக்கு வந்து கையப் புடிச்சுக் கூட்டினு போவப்போறானா? போம்மா அம்மணி, உன் வேலையப் பாரு. இங்க காலுக்கு ஒரு எறக்கம் தட்டுப்படுது. அதோட போனா எங்கயாவது மார்க்கெட்டுல போயி முட்டும்."

ஐவிக்கு அந்த இறக்கம் தெரியும். சிறுமியாக இருந்தபோது அதன் ஓரத்தில் உட்கார்ந்து சரக்குத் தோணிகளைப் பார்த்திருக்கிறாள். அது சந்தைக்குப் போகாது. சரிந்து, வழவழவென்று பாசி பிடித்த படிகளாக மாறி, நேரே கப்பல்துறைத் தண்ணீருக்குள் போகும். தடுப்புக்கு ஒரு கயிறுகூட கிடையாது. அந்த வாரம் அப்படித் தண்ணீரில் விழுந்தவர்களைப் பற்றிக் காலையிலிருந்து கம்பியில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாம், ஐயா. அந்தப் பாதை பாதுகாப்பானதன்று. தயவுசெய்து—"

"வெச்சுடறேன்."

அந்தக் கணத்தில் காதில் ஓசை ஒரு நூல் மெலிந்தது. மிஸ் கார்ஸ்டன் செருகியிருந்தார்.

ஐவி முதுகை நிமிர்த்தவில்லை. பலகையின் பக்கம் குனிந்தாள்.

"யோவ் சிட்டு ஸ்கீட்ஸு! ரொட்டிய எங்க கழட்டி வெச்சுட்டு வந்த?"

மறுமுனையில் மூச்சு நின்றது. பக்கத்து நாற்காலிப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த எறக்கத்துல ஒரு தட்டு வெக்கக் கூடாது, சொல்லிட்டேன். அங்க இருக்குற ஆப்பிள் ஒண்ணுகூட மேல ஏறாது. எல்லாம் கீழதான் போவுது. கீழ மீனவன் வாயத் தொறந்துனு உக்காந்துனு இருக்கான். மீனவன் பக்கம் போகாத. கேக்குதா?"

"கேக்குது." குரல் சின்னதாகிவிட்டது.

"இப்ப நான் சொல்றத மட்டும் செய்யி. நாய வெச்சுட்டு, கூண்டுக்கு முதுகக் காட்டி நில்லு. சோத்தாங்கைப் பக்கம் மதிலு இருக்கும். வண்டியப் புடிச்சு, ஒரு சக்கரம் மதிலோட ஒரசுற மாதிரி தள்ளினு போ. ஒரசுற சத்தம் நின்னுச்சின்னா நீயும் நின்னுடு."

"ஆரஞ்சு எல்லாம் குலுங்கிக் கீழ கொட்டுமே."

"கொட்டட்டும்! மதிலு முடியுற எடத்துல தவளை மாறும். உருண்டைக் கல்லு போயி வழவழன்னு தாரு வரும். அங்கேர்ந்து ஓரக்கல்லத் தட்டால தேச்சுனே நட. மாதா கோயில் மணி எடதுபக்கம் கேக்கும். அதுக்கப்புறம் வாசலு உனக்கே தெரியும்."

வாசல் என்றால் அவர்கள் பேச்சில் வீடு.

பனிப்புகையே கம்பிக்குள் புகுந்து அடைத்துக்கொண்டது போல ஓர் அமைதி. ஐவி காத்திருந்தாள். வெளியே எங்கோ ஒரு கப்பல் மாடு போலக் கத்தியது. அதே கத்தல் காதுக்கருவியிலும் கேட்டது. அதனால் அப்பா இன்னும் அங்கேதான் நிற்கிறார் என்று தெரிந்தது.

பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மிக்க நன்றி, அம்மணி" என்றார். சாப்பாட்டு மேசையில் அவளைக் குத்துவதற்காகப் பேசும் அதே மொழி, அதே கஞ்சி போட்ட ஏற்ற இறக்கம். ஆனால் முள் இல்லை. "தாங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விளங்கியது. இவ்வளவு மரியாதையாகப் பேசும் பெண்ணை நான் இதுவரை சந்தித்ததே இல்லை. இதைத் தங்கள் மேலதிகாரியிடமும் தெரிவித்துவிடுங்கள்."

தொலைபேசியை, முட்டையை வைப்பது போல, மெதுவாக வைத்தார். விளக்கு அணைந்தது.

வேலை முடிந்ததும் மிஸ் கார்ஸ்டன் அவளை நிறுத்தினார். அவருடைய முகமும் அன்று புகையில் கரைந்து, கண்ணாடி மட்டும் மிதப்பது போலிருந்தது.

"மிஸ் ஸ்கீட்ஸ், மீனவன் என்பது யார்?"

"தண்ணீர், மேடம்."

"தவளை?"

"சாலை, மேடம்."

"அதை நான் கேட்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் தேர்வுக்காலம் ஈஸ்டர் வரை நீளும். அதுவரை உங்கள் பின்னால்தான் நிற்பேன்."

"சரி, மேடம்."

"ஏப்ரனோடு வரவேற்பறைக்கு வரக் கூடாது என்றுதான் சொன்னேன். வீடு பற்றி எரியும்போது என்ன செய்வது என்று நான் சொல்லித்தரவில்லை." கையுறையை மாட்டிக்கொண்டார். "அழைத்தவர் மிகவும் கண்ணியமாகப் பேசினார்."

"ஆமாம், மேடம். அபூர்வமாக."

"வீடு போய்ச் சேர்ந்தாரா என்று தெரிந்தால், நாளைக்கு எனக்கும் சொல்லுங்கள்."

அது ஐவிக்கும் தெரியாது. அதுதான் அவள் கால்களை இழுத்துக்கொண்டு போனது. மாதா கோயில் வரை அவள் வழி வேறு, அதன்பிறகு அப்பா வர வேண்டிய வழியும் அதுவே. சுவரில் கை வைத்து, ஓரக்கல்லைப் பாதத்தால் தேய்த்துக்கொண்டு, அப்பாவுக்குச் சொன்னதைத் தனக்கே சொல்லிக்கொண்டு நடந்தாள். இத்தனை வருடத்தில் முதன்முறையாக, தவளை மூச்சு விடுவது மறுபடியும் பாதத்துக்குக் கீழே தெரிந்தது. அதன் முதுகில் தான் மட்டும் தனியாக நடப்பது போலிருந்தது. "மீனவன் பக்கம் போகாத" என்று முணுமுணுத்தாள். சொல்லும்போதுதான் அவளுக்கு உறைத்தது. தான் இன்று கம்பியில் சொன்ன சொல்லின் விழுங்கிய பாதி, மகள். அவருக்கு அது கேட்காமலா இருந்திருக்கும்?

தங்கள் தெருமுனையில் திரும்பியதும், சுவரைத் தடவிப் போன கையில் குளிர்ந்து உருண்டையாக ஏதோ இடறியது. எடுத்து முகத்தருகே கொண்டுவந்தாள். ஆரஞ்சு. முதல் வீட்டுச் சன்னல் விளிம்பில் யாரோ வைத்திருந்தார்கள். தவறி விழுந்ததாக இருந்தால் விளிம்பில் ஏறி உட்காராது. அடுத்த வீட்டுச் சன்னலைத் தடவினாள். அங்கேயும் ஒன்று. அதற்கடுத்ததிலும் ஒன்று, கொஞ்சம் நசுங்கியது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்தத் தெருவில் சன்னலில் வைத்த பழம் கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போயிருக்கும். இன்று யாருக்கும் கண் தெரியவில்லை. சன்னல் சன்னலாக, ஒவ்வொன்றாக எடுத்து மேலங்கிப் பைகளில் போட்டுக்கொண்டே வந்தாள். பைகள் நிரம்பியபோது வீட்டுக் கதவு வந்தது.

அப்பா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தார். கால்கள் இரண்டும் வெந்நீர்த் தொட்டியில். முகம் முழுக்கக் கரி, கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை. அம்மா அவர் முதுகில் கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

"பழத்தையெல்லாம் தெரு பூரா வெச்சுட்டு வந்திருக்குது இந்த மனுசன்" என்றாள் அம்மா. "கேட்டா பதில் இல்ல."

ஐவி பழங்களை மேசையில் கொட்டினாள். அவை உருண்டு போய் உப்புக் கிண்ணத்தில் முட்டி நின்றன.

"உங்க அதிகாரியம்மா கேட்டுனு இருந்தாங்களா?" என்றார் அப்பா, தொட்டியைப் பார்த்தபடி.

"இருந்தாங்க."

"நான் நல்லாப் பேசினேனா?"

"ரொம்பக் கண்ணியமாப் பேசினதாச் சொன்னாங்க."

"வேலை?"

"ஈஸ்டர் வரைக்கும் இழுத்திருக்காங்க. போவல."

அவர் தலையாட்டினார். இருமினார். பிறகு ஓர் ஆரஞ்சை எடுத்து, தோலைக் கட்டைவிரலால் கிழித்து, பாதியைப் பிய்த்து அவள் பக்கம் நீட்டினார்.

"உக்காரு, செங்கல். தட்டு ரெண்டும் சில்லுனு இருக்கும். தண்ணி இன்னும் சூடாத்தான் இருக்குது."

அவள் காலணியைக் கழற்றிவிட்டு, அவர் பாதங்களுக்குப் பக்கத்தில் தன் பாதங்களையும் தொட்டியில் வைத்தாள். சன்னலுக்கு வெளியே தெருவும் இல்லை, சந்தையும் இல்லை, ஊரே இல்லை. இருவரும் ஆரஞ்சைச் சாப்பிட்டார்கள்.